பதினொரு ஏக்கர் குளமும் கீழ இருக்கிற ஏழு வீடும்

"தம்பி, இதென்ன கந்தளாய்க் குளம் மாதிரிப் பெரிய குளமே? ஒரு சின்னக் குளம். உடைஞ்சாலும் என்ர வயலுக்குள்ளதானே தண்ணி போகும், ஆருக்கு என்ன நட்டம்?"

குளத்துச் சொந்தக்கார ஐயா இதைச் சொல்லேக்க அவர் நிண்டது குளக்கட்டுக்கு மேல, நான் நிண்டது கட்டுக்குக் கீழ, எனக்குப் பின்னால ஒரு அறுநூறு மீற்றர் தள்ளி இந்திய வீட்டுத்திட்டத்தில கட்டின வீடுகளின்ர கூரை பளிச்செண்டு தெரியுது. அவருக்கும் தெரியும்தான். ஆனா அவர் மனசில இருக்கிற படம் தன்ர தகப்பன் காலத்துப் படம், அதில அந்த இடம் முழுக்கக் காடும் வயலும்தான்.

என்னை அவர் கூப்பிட்டதே வேற விசயத்துக்கு. கட்டை இன்னும் ஒரு அடி உயர்த்தினா சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல்லுக்கு, ரெண்டு ஏக்கர் கூட விதைக்கலாம், மண்ணுக்கு எவ்வளவு, மண் அள்ளுற பெக்கோ மெசினுக்கு எவ்வளவு எண்டு ஒரு எஸ்டிமேட் போட்டுத் தரச் சொல்லித்தான் கூப்பிட்டவர். குளத்து வேலையளில நான் கொஞ்சக் காலம் நிண்டவன் எண்டபடியா. எஸ்டிமேட் போடப் போய் கடைசியில நான் எழுதிக் குடுத்தது வேற ஒரு ரிப்போட், அதுக்கு அவர் ஒரு மாசம் என்னோட கதைக்கேல்ல. அந்தக் கதையைத்தான் இஞ்ச எழுதுறன், ஏனெண்டா இதே மாதிரிக் குளங்கள் வன்னி முழுக்கக் கிடக்கு. ஊர் பேர் வேண்டாம், மாங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையில, கண்டி வீதியால உள்ளுக்க இறங்கிற ஒரு பக்கம் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ.

குளத்தின்ர வரலாறு சுருக்கமா. தூர்ந்து காடு பிடிச்சுக் கிடந்த ஒரு பழைய குளத்தை ஐயாவின்ர தகப்பன் எழுபதுகளில காணி எடுக்கேக்க துப்பரவாக்கிக் கட்டினவர், அந்தக் கட்டு ஆளும் கூடையும் மாடும் மிதிச்சுக் கட்டின கட்டு, உண்மையில நல்ல கட்டு. பேந்து சண்டை, இடப்பெயர்வு, 2009 இல சனம் மெனிக் பாம் அகதி முகாமில. திரும்பி வரேக்க கட்டில மரம் வளர்ந்து, ரெண்டு இடத்தில வெட்டுப்பட்டுக் கிடந்திருக்கு. ஐயா பெக்கோ ஒண்டு பிடிச்சு ரெண்டு நாளில மண்ணை அள்ளி மேல போட்டு மட்டப்படுத்திப் போட்டார். உருளை போடேல்ல, தண்ணி அடிக்கேல்ல, படை படையா இறுக்கேல்ல. அந்தக் காலத்தில ஆர் இறுக்கினது, வீட்டுக்கே கூரை இல்லாத நேரம்.

அளவுகள். மட்டம் பாக்கிற டம்பி லெவலும் ரேப்பும் கொண்டுபோய் ஒரு நாள் முழுக்க அளந்தனாங்கள். கட்டின்ர நீளம் 210 மீற்றர், நடுவில உயரம் 4.1 மீற்றர், மேல்தட்டு அகலம் 1.8 மீற்றர். குளம் நிரம்பினா பரப்பு 11 ஏக்கர், ஆழமான இடத்தில தண்ணி 3.4 மீற்றர். சின்னக் குளங்களுக்கு நாங்கள் வழக்கமாப் பாக்கிற கணக்கு பரப்பையும் ஆழத்தையும் பெருக்கி 0.4 ஆல பெருக்கிறது, அப்பிடிப் பாத்தா கிட்டத்தட்ட 60,000 கன மீற்றர், பழைய ஆக்களின்ர கணக்கில 49 ஏக்கர் அடி. உலக அளவில பெரிய அணை எண்டா அத்திவாரத்தில இருந்து 15 மீற்றர் உயரம் வேணும், இல்லாட்டி 5 மீற்றருக்கு மேல உயரமும் 30 லட்சம் கன மீற்றருக்கு மேல தண்ணியும் இருக்கோணும். அந்தக் கணக்கில இது ஒண்டுமே இல்லை. கிளிநொச்சி இரணைமடுப் பெருங்குளத்துக்குப் பக்கத்தில வச்சா ஒரு சிரட்டைத் தண்ணி.

இஞ்சதான் எல்லாரும் சறுக்கிற இடம். சின்னக் குளம், அப்ப சின்ன ஆபத்து எண்டு.

அணைகளுக்கு ஆபத்து வகை எண்டு ஒண்டு போடுறது கட்டு நல்லதோ கெட்டதோ எண்டு பாத்து இல்லை. கட்டு போனா கீழ என்ன போகும் எண்டு மட்டும் பாத்து. அமெரிக்காவில ஃபீமா எண்ட இடர் முகாமை நிறுவனத்தின்ர முறையில மூண்டு வகை: உடைஞ்சா ஒரு உயிராவது போகக்கூடும் எண்டா உயர் வகை, உயிர் போகாது ஆனா றோட்டு, கரண்ட், பிற சனத்தின்ர சொத்து பெரிசா அடிபடும் எண்டா நடு வகை, சொந்தக்காரன்ர காணியோட நட்டம் முடிஞ்சிடும் எண்டா தாழ் வகை. அவ்வளவுதான். நேற்றுக் கட்டின, விரிசலே இல்லாத, கொங்கிறீட் மாதிரி இறுகின கட்டும் உயர் வகையில வரலாம். நாளைக்கு விழப்போற கட்டு நடுக்காட்டில இருந்தா தாழ் வகையிலயும் வரலாம். கட்டின்ர நிலைமை எண்டது தனிக் கேள்வி, தனிப் புள்ளி.

இதை நான் ஐயாவுக்கு விளங்கப்படுத்தின விதம்: "ஐயா, நாய் கடிக்குற நாயோ எண்டு கேக்கிறது ஒண்டு. கட்டின கயிறு அறுந்தா அது ஆரின்ர வளவுக்குள்ள போகும் எண்டு கேக்கிறது இன்னொண்டு." அவர் சொன்னார், "என்ர நாய் கடிக்காது." எல்லா நாய்க்காரரும் சொல்லுறதுதான்.

சரி, கீழ என்ன இருக்கு? துருசு, அதாவது வயலுக்குத் தண்ணி திறந்து விடுற வாசல், அதின்ர வாய்க்காலோட நடந்து பாத்தம். முதல் 400 மீற்றர் ஐயாவின்ர வயல். பேந்து தாழ்வான பக்கத்தில, வாய்க்காலுக்கு ரெண்டு பக்கமும், ஏழு வீடு. எல்லாம் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில குடுத்த அந்த அஞ்சரை லட்சத்தில கட்டின வீடுகள். அதுக்குப் பக்கத்தில ஒரு முன்பள்ளி, அங்கால ஒரு மதகு, அதில போற றோட்டுத்தான் அந்தக் குடியிருப்புக்கு வெளிய போக இருக்கிற ஒரே றோட்டு. 1.4 கிலோமீற்றரில ஊர்க்குளம் ஒண்டு, இதைவிடச் சின்னது. ஐயாவின்ர தகப்பன் கட்டேக்க இது சந்தேகமில்லாமல் தாழ் வகை. கட்டில ஒரு கூடை மண் கூட மாறாமலே இண்டைக்கு வகை மாறிப் போச்சு, மாறினது கீழ இருக்கிற நிலம். அந்த இடத்தில காணி பிரிச்சுக் குடுத்தவையும் மேல ஒரு குளம் இருக்கு எண்டு பாக்கேல்ல, வீடு கட்டினவையும் பாக்கேல்ல, பாத்திருந்தாலும் அந்த நேரம் குடுக்கிற காணியை வேண்டாம் எண்டு சொல்ல ஆருக்கு முடியும்.

உடைஞ்சா எவ்வளவு தண்ணி வரும் எண்டதுக்கு உடைஞ்ச அணைகளின்ர தரவுகளை வச்சு ஃப்ரோலிக் எண்டவர் 1995 இல குடுத்த ஒரு சூத்திரம் இருக்கு, தண்ணியின்ர கொள்ளளவும் உடைப்புக்கு மேல நிக்கிற ஆழமும் போதும். ரெண்டு விதமாப் போட்டுப் பாத்தன். ஒண்டு வெயில் நாள் உடைப்பு, அதாவது மழையே இல்லை, குளம் நிரம்பி சும்மா நிக்குது, உள்ளால அரிச்சுக்கொண்டு போய் உடையுது: உச்சத்தில செக்கனுக்கு 71 கன மீற்றர். மற்றது பெருமழையில கட்டுக்கு மேலால தண்ணி பாய்ஞ்சு உடையிறது: அப்ப தண்ணி கூட, 86 கன மீற்றர். 71 எண்டா என்ன எண்டு ஐயாவின்ர மோன் கேட்டான். கோடையில ஊருக்கு வாற 9,000 லீற்றர் பவுசர் இருக்கெல்லே, அதில கிட்டத்தட்ட எட்டு, ஒரு செக்கனுக்கு.

வீடுகள் இருக்கிற இடத்தில பள்ளம் ஏறக்குறைய 60 மீற்றர் அகலம். வழியில கொஞ்சம் தணிஞ்சு 60 கன மீற்றர்தான் அங்க போய்ச் சேருது எண்டு வச்சாலும் ஒரு மீற்றர் அகலத்துக்கு ஒரு கன மீற்றர். இந்த இலக்கம்தான் ஆழத்தையும் வேகத்தையும் பெருக்கினா வாற இலக்கம். வெள்ளத்தில ஆள் நிக்கேலுமோ எண்டு பாக்கிறது இதை வச்சுத்தான்: 0.4 ஐத் தாண்டினா சின்னப் பிள்ளையளுக்கு ஆபத்து, 0.6 ஐத் தாண்டினா வளந்த ஆளுக்கும் ஆபத்து தொடங்கும். இஞ்ச 1. சூத்திரம் பிழைக்கலாம், எனக்கு அதில பெரிய பக்தி ஒண்டும் இல்லை, மண்ணைப் பொறுத்து பாதியாகவும் வரலாம், ஆனா பாதியாக்கினாலும் 0.5, பிள்ளையளுக்கு ஆபத்தான அளவுதான். வந்து சேர எடுக்கிற நேரம் ஏழெட்டு நிமிசம். இரவு ரெண்டு மணிக்கெண்டா ஏழெட்டு நிமிசம் எண்டது நாய் குரைச்சு ஆள் எழும்பி லாம்பு தேடுற நேரம்.

உயர் வகை. இதில யோசிக்க ஒண்டுமே இல்லை. ஊர்க்குளமும் சேர்ந்து போகும் எண்டதை நான் கணக்கிலயே எடுக்கேல்ல, அது வேற. எங்கட பக்கத்துக் குளங்கள் ஒண்டு நிரம்பி வானால, அதாவது மிச்சத் தண்ணி வெளிய பாயிற வாயால, போற தண்ணி மற்றதின்ர வரத்து எண்டு தொடரா இருக்கிறது, மேல ஒண்டு போனா கீழ இருக்கிறது தாங்காது.

இனி நிலைமை. இஞ்சதான் எனக்கே வயித்தைக் கலக்கினது.

முதலாவது வான். தகப்பன் கட்டின வான் 9 மீற்றர் அகலம், கல்லு பதிச்ச தரை, அதுக்கும் கட்டின்ர மேல்தட்டுக்கும் இடையில 95 சென்ரிமீற்றர். அந்த வானால செக்கனுக்கு 14 கன மீற்றர் போகும். ஐயா என்ன செய்திருக்கிறார், மீன் போகுது எண்டு ரெண்டு பக்கமும் பாறாங்கல்லை உருட்டி 4 மீற்றராக் குறுக்கி, தண்ணி கூட நிக்கட்டும் எண்டு 25 சென்ரிமீற்றர் கொங்கிறீட் போட்டு உயர்த்தியும் விட்டிருக்கிறார். அதோட உழவு மெசின் ஏறி இறங்கிற இடத்தில கட்டு 35 சென்ரிமீற்றர் பதிஞ்சு போச்சு. தண்ணிக்கு சராசரி உயரம் தெரியாது, பதிஞ்ச இடம்தான் தெரியும். அதால இப்ப மிச்சம் இருக்கிறது 35 சென்ரிமீற்றரும் 4 மீற்றர் வாயும். கணக்குப் பாத்தா 1.4 கன மீற்றர். பதினாலு ஒண்டு தசம் நாலாப் போன மாதிரி. மூண்டும் தனித்தனியாப் பாத்தா சின்ன விசயம், ஒருத்தரும் பெரிசா ஒண்டும் செய்யேல்ல, ஆனா பத்தில ஒன்பது பங்கு வழி அடைபட்டுப் போச்சு.

மழைத் தண்ணி குளத்துக்கு வடிஞ்சு வாற வரத்துக் காடு 1.2 சதுர கிலோமீற்றர். மார்கழியில நிலம் ஊறி நிக்கேக்க மணித்தியாலத்துக்கு 40 மில்லிமீற்றர் மழை அடிச்சா, பத்தில நாலு பங்கு ஓடி வந்தாலே செக்கனுக்கு 5 கன மீற்றருக்கு மேல குளத்துக்கு வரும். வெளிய போறது 1.4. அப்ப நிரம்பின குளத்தில ஒரு மணித்தியாலம் இப்பிடி அடிச்சா தண்ணி பதிஞ்ச இடத்தால கட்டுக்கு மேல ஏறும். பழைய வான் இருந்திருந்தா சிரிச்சுக்கொண்டு நிண்டிருக்கலாம். 2018 மார்கழியில கிளிநொச்சி, முல்லைத்தீவில வந்த வெள்ளத்தைப் பாத்த ஆக்களுக்கு 40 மில்லிமீற்றர் பெரிய கதை இல்லை.

ரெண்டாவது கசிவு. கட்டின்ர கீழ் அடியில, நடுவில இருந்து துருசுப் பக்கம் தள்ளி, ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் ஈரமா, கோரைப் புல்லு பச்சையா நிண்டுது. ஆவணி மாசம், சுத்தி எல்லாம் காஞ்சு போன நேரம் அது மட்டும் பச்சை. தண்ணி தெளிவா வந்தா கொஞ்சம் மூச்சு விடலாம், கலங்கி வந்தா கட்டின்ர மண்ணையே கொண்டு வருது எண்டு அர்த்தம். ஒரு போத்திலில பிடிச்சு வச்சுப் பாத்தம், தெளிவுதான், அடியில ஒரு நூல் அளவு மண்டி. ஏன் சரியா இந்த இடத்தில எண்டு கேட்டன். ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டார். பேந்து சொன்னார், "அதில எங்கட பங்கர் இருந்தது தம்பி."

2008 இல கட்டைக் குடைஞ்சு பங்கர் வெட்டியிருக்கினம். மண் இறுகின இடம், மேட்டு நிலம், ஷெல்லுக்குப் பாதுகாப்பு, வேற எங்க வெட்டுறது. எட்டுப் பேர் அதுக்குள்ள இருந்தவையாம். திரும்பி வந்தாப் பிறகு பனங்குத்தியைப் பிடுங்கி எடுத்துப்போட்டு பெக்கோவால மண்ணைத் தள்ளி மூடினது. அந்த இளகின மண்தான் இப்ப கசியுது, மேல பதிஞ்ச இடமும் அதுக்குப் பக்கத்திலதான். பிற நாட்டுக் கையேடுகளில மரவேர், எலிவளை, கியூம் பைப் எண்ட கொங்கிறீட் குழாயைச் சுத்தின வெடிப்பு எண்டு எல்லாம் எழுதியிருக்கும், பங்கர் எண்டு ஒரு இடத்திலயும் இருக்காது. வன்னியில குளக்கட்டுப் பாக்கப் போறவன் முதல் கேக்க வேண்டிய கேள்வி அதுதான் எண்டு அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது.

மூண்டாவது புற்று. கட்டில ஒரு ஆள் உயரப் புற்று, அதுக்கு மேல சிவப்புத் துணி, நாகதம்பிரான். ஐயாவின்ர மனுசி ஒவ்வொரு வெள்ளியும் விளக்கு வைக்கிற இடம். கறையான் உள்ளுக்க எவ்வளவு தூரம் வெறுமையாக்கி வச்சிருக்கும் எண்டு வெட்டாமல் தெரியாது, வெட்ட ஏலாது. மருதமரம் ஒண்டும் நிக்குது, அதைத் தறிச்சா வேர் உக்கி ஓட்டையாகும், விட்டா காத்துக்கு வேரோட சாஞ்சு கட்டைப் பிரட்டும். இதுகளுக்கு நல்ல விடை எண்டு ஒண்டு இல்லை.

உலகத்தில பெரிய மண்ணணைகள் உடைஞ்ச கணக்கை எடுத்தா ஏறக்குறைய அரைவாசி மேலால தண்ணி பாய்ஞ்சு, மற்ற அரைவாசி உள்ளால அரிச்சு. இந்தக் குளத்தில ரெண்டுக்கும் வாசல் திறந்துதான் கிடந்தது. கந்தளாய் உடைஞ்சது 1986 ஏப்ரல் 20 விடியப்புறம், மாரி இல்லை, சித்திரை, சனம் நித்திரை, நூற்றுக்கு மேல செத்தது. அது பெரிய குளம், அரசாங்கக் குளம் எண்டு ஐயா சொல்லுவார் எண்டு தெரிஞ்சு நான் கா லோகோவைச் சொன்னன். ஹவாயில கவாய் தீவில ஒரு தனியார் காணியில இருந்த பழைய மண்ணணை, கரும்புக்குத் தண்ணி பாய்ச்சக் கட்டினது, பட்டியலில தாழ் வகை எண்டு பதிஞ்சு கிடந்தது. வானை மண் போட்டு மூடியிருந்ததா பேந்து விசாரணையில வந்தது. 2006 மார்ச் 14, கிழமைக்கணக்கா மழை பெய்து விடியப்புறம் உடைஞ்சுது, கீழ இருந்த ஏழு பேர் போயிட்டினம். காணிச் சொந்தக்காரர் நீதிமன்றம் ஏறினவர். ஐயா "அவங்களும் வானை மூடினவங்களோ" எண்டு மட்டும் கேட்டார்.

ரிப்போட்டை ஆருக்குக் குடுக்கிறது எண்டது அடுத்த தலையிடி. எங்கட நாட்டில 80 ஹெக்டேயருக்கு, அதாவது 200 ஏக்கருக்குக் குறைய வயல் பாயிற குளம் சிறுகுளம், அது கமநலத் திணைக்களப் பக்கம், அதுக்கு மேல நீர்ப்பாசனத் திணைக்களப் பக்கம். ஆனா தனியார் காணிக்குள்ள தனியார் கட்டின குளம் பட்டியலிலயே இருக்காது. நாங்கள் ஏறி இறங்கின கந்தோருகளில எல்லாரும் மரியாதையா இருத்தித் தேத்தண்ணி தந்து, இது எங்கட புத்தகத்தில இல்லையே எண்டிச்சினம். பிழை சொல்லேலாது, இல்லாததை எப்பிடிப் பாக்கிறது. கடைசியில ஜீ.எஸ், அதாவது கிராம சேவகரிட்ட ஒரு பிரதியும் கீழ இருக்கிற வீட்டுக்காரரிட்ட ஒரு பிரதியும் குடுத்தன். வீட்டுக்காரரிட்ட குடுத்ததுதான் ஐயாவுக்குக் கோவம். "ஊரைக் கூட்டி என்னைக் குற்றவாளியாக்கிப் போட்டாய்." உயர் வகை எண்ட சொல்லு அவருக்கு என்ர கட்டு கூடாத கட்டு எண்டுதான் கேட்டுது, நான் எத்தினை தரம் நாய்க்கதை சொல்லியும்.

மனசு மாறினது என்ர கணக்கால இல்லை. மனுசி சொன்னவவாம், அந்த முன்பள்ளிக்குப் போற பிள்ளையளில ரெண்டு எங்கட பேரப்பிள்ளையள் எண்டு.

புரட்டாசிக்குள்ள செய்தது இவ்வளவு. போட்ட கொங்கிறீட்டை உடைச்சு, பாறையளை உருட்டி, வானைத் திரும்ப 9 மீற்றருக்குக் கொண்டு வந்தம், பதிஞ்ச இடத்துக்கு கிரவல் போட்டு 15 சென்ரிமீற்றர் படையா இறுக்கி மட்டத்துக்குக் கொண்டு வந்தம், உழவு மெசினுக்கு வேற வழி. பங்கர் இடத்தை வெட்டித் திருப்பி இறுக்கிறதுதான் முறை, அதுக்குக் குளத்தை முழுக்க வடிக்கோணும், காசும் இல்லை காலமும் இல்லை. அதால கசியிற இடத்தில முதல் மணல், மேல சல்லி, அதுக்கு மேல பாரத்துக்குக் கல்லு எண்டு போட்டம், தண்ணி வரலாம் மண் வரக்கூடாது எண்ட கணக்கு. கசிவைக் களிமண்ணால கீழ்ப்பக்கம் அடைக்கிறது எண்டு ஊரில ஒரு பழக்கம் இருக்கு, செய்யவே கூடாது, அடைச்சா தண்ணி கட்டுக்குள்ள நிண்டு வேற இடம் தேடும். புற்றைத் தொடேல்ல, அதுக்குக் கீழயும் அதே மணல், சல்லி. மருது நிக்குது. துருசுக் குழாய் பழைய கியூம் பைப், அதைச் சுத்தி என்ன நிலைமை எண்டு தெரியாது, அது இன்னும் கடன்.

துருசடியில ஒரு கம்பம் நட்டு சிவப்புக் கோடு போட்டம், தண்ணி கோட்டுக்கு வந்தா ஐயாவின்ர மோன் ஏழு வீட்டுக்கும் போன் அடிக்கோணும், போன் வேலை செய்யாட்டி பிள்ளையார் கோயில் மணி. வட்சப் குறூப் ஒண்டும் தொடங்கினம், அதில முதல் வந்தது காலை வணக்கப் படங்கள்தான்.

அந்த மாரியில ஒரு நாள் இரவு பதினொண்டரைக்கு தண்ணி கோட்டைத் தொட்டுது. மணி அடிச்சு, ஏழு வீட்டுச் சனமும் மேட்டில இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போச்சுதுகள், பிள்ளையளையும் ஆடுகளையும் கொண்டு. வான் கரை முட்டப் பாஞ்சுது, விடிய தண்ணி இறங்கீட்டுது, கட்டு அப்பிடியே நிண்டுது. விடியக் கீழ் வீட்டு அக்கா ஒராள் என்னைப் பிடிச்சுக் கிழிச்சவ, "சும்மா நடுச்சாமத்தில எழுப்பி நனைய வச்சுப்போட்டீங்கள், ஒண்டும் நடக்கேல்ல" எண்டு. நான் ஒண்டும் சொல்லேல்ல.

போன சித்திரை ஐயா போன் எடுத்தார். "தம்பி, தண்ணி காணாமப் போகும் போல கிடக்கு, வானில ரெண்டு வரி மண்மூட்டை மட்டும் வைக்கட்டே, மாரிக்கு முதல் எடுத்துப் போடலாம்." வேண்டாம் ஐயா எண்டன். சரி சரி எண்டு வச்சிட்டார். பேந்தொரு நாள் அந்தப் பக்கம் போகேக்க இறங்கிப் பாத்தன். வான் சுத்தமா இருந்தது, ஒரு கல்லுக் கூட இல்லை. பக்கத்தில மருதமர நிழலில எட்டு மூட்டை, மண் நிரப்பி, வாய் தைச்சு, அடுக்கி வச்சிருந்தது.